லத்தீன் இசை என்றாலே சல்சாதானா? சின்ன கம்பெனிகள் வெளியிட்ட ஆல்பங்களில் வேறு என்ன கேட்கலாம்?

சல்சா ஒரு மூலைதான். அதை உலகறியச் செய்த ஃபானியா இசைத்தட்டு நிறுவனமே 1964இல் நியூயார்க்கில் சின்னதாகத் தொடங்கியதுதான். ஆரம்பத்தில் இசைத்தட்டுகளைக் காரில் வைத்து விற்றிருக்கிறார்கள்.

நான் கூம்பியாவைத்தான் முதலில் சொல்வேன். கொலம்பியாவின் கரீபியக் கரையில் பிறந்த இசை. 1934இல் கார்த்தஹேனாவில் தொடங்கிய டிஸ்கோஸ் ஃபுவெந்தஸ் நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. அதே பகுதியின் இன்னொரு பாணி வயெனாத்தோ: ஒரு அக்கார்டியன், ஒரு சிறு முரசு, சுரண்டி ஒலி எழுப்பும் குவாச்சராக்கா, அவ்வளவுதான்.

அப்புறம் கூம்பியா பெருவுக்குப் போனது. அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1960களின் கடைசியில் அக்கார்டியனின் வேலையை எலெக்ட்ரிக் கிட்டார் எடுத்துக்கொண்டது. தாளம் கொலம்பியாவினுடையது, மெட்டோ ஆண்டிஸ் மலைப் பாடல்களின் ஐந்து சுர மெட்டு. சுத்த தன்யாசி ராகம் பழகிய காதுக்கு அந்நியமாகவே இருக்காது. இதைத்தான் சிச்சா என்கிறார்கள். அமேசான் பக்கத்து புகால்பாவிலிருந்து வந்த ஹுவானேகோ குழு, ஷிப்பிபோ பழங்குடி உடையில் மேடையேறி, கிட்டாரோடு ஆர்கனையும் சேர்த்து வாசித்தது. 1977 விமான விபத்தில் அதன் உறுப்பினர்கள் பலர் இறந்துபோனார்கள். லிமாவின் மேட்டுக்குடி இந்த இசையை வெகுகாலம் ஏளனமாகவே பார்த்தது. 2007இல் புரூக்ளினின் பார்பெஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட சிச்சா தொகுப்புதான் வெளிநாடுகளில் பலருக்கு இதை அறிமுகம் செய்தது. நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும்.