பெற்றோரும் குழந்தையும் சந்திக்கும் அறையைப் புதுப்பிக்கும் முன்

கேள்வி: வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரைப் பிரிந்து, வேறொரு குடும்பத்தின் தற்காலிகப் பொறுப்பில்) இருக்கும் குழந்தைகள் தங்களைப் பெற்றவர்களைச் சந்திக்கும் அறையைப் புதுப்பித்துத் தர எங்கள் தன்னார்வக் குழு முன்வந்துள்ளது. சுவருக்கு வண்ணம் அடித்து, நிறையப் பொம்மைகள் வாங்கி வைக்க எண்ணியிருக்கிறோம். வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், அந்த அறையில் சந்திப்புகளை மேற்பார்வையிடும் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள், இயன்றால் அவர் வழியாகப் பெற்றோரின் கருத்தையும் கேட்டறியுங்கள். பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு, தன் நலனுக்குக் கேடு வராதவரை, அவர்களுடன் தொடர்ந்து நேரடித் தொடர்பு வைத்திருக்க உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 9ஆம் பிரிவில் கூறுகிறது. அந்த உரிமை குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் இந்த அறையில்தான் நிறைவேற வேண்டியிருப்பதால், அறை அழகாக இருப்பதைவிட, இருவரும் சேர்ந்து எதையாவது செய்ய இடம் தருவதே முக்கியம்.

நடுவில் மேசை போட்டு எதிரெதிரே நாற்காலி வைத்தால் விசாரணை அறை போலாகிவிடும். தாயின் மடியிலோ பக்கத்திலோ குழந்தை உட்காரும்படி ஒரு சோபாவும், தரையில் துவைக்கக்கூடிய விரிப்பும் போடுங்கள். மேற்பார்வையாளரின் இருக்கை, எல்லாம் கண்ணில் படும், காதில் விழும் ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.

பொம்மைகள் குறைவாக இருப்பதே நல்லது. தாமே பாடி ஆடும் பேட்டரி பொம்மைகள் குழந்தையின் கவனத்தைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுகின்றன. அவற்றிலுள்ள பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. கட்டைகள், படப் புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள், பலகை விளையாட்டுகள் போதும். வரையும் தாள் எப்போதும் தாராளமாக இருக்க வேண்டும்: குழந்தை ஒரே படத்தை இரண்டு தாளில் வரைந்து, ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தன்னுடன் எடுத்துப் போகலாம். பதின்ம வயதினர் மறக்கப்பட்டுவிடுவது வழக்கம். பெரியவர்களுக்கான அளவில் நாற்காலிகளும், அவர்கள் கூச்சமின்றி எடுத்து விளையாடக்கூடிய சீட்டுக்கட்டும் வையுங்கள்.

அலமாரிகளைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். தொங்கும் கயிறுள்ள ஜன்னல் மறைப்புகள் வேண்டாம். அவை குழந்தையின் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். பழைய கட்டடமானால் சுவரிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எந்த பெயின்ட் அடித்தாலும், வாடை முற்றிலும் போன பிறகே அறையைத் திறக்க வேண்டும்.

குடும்பத்தைப் போற்றும் வாசகங்களைச் சுவரில் எழுத ஆசை வரும். வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்றே தெரியாத குழந்தையை அவை நோகடிக்கும் என்பதால் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். காடு, கடல், பறவை போன்ற படங்கள் போதும்.

சந்திப்புகள் இல்லாத நாளில் மட்டுமே வேலை செய்யுங்கள். குழந்தைகளையோ பெற்றோரையோ படம் எடுக்கக் கூடாது. அங்கே கண்ட, கேட்ட எதையும் வெளியில் பகிரக் கூடாது. பென்சில் தீரும், விரிப்பு அழுக்காகும். அவற்றை மாதந்தோறும் யார் மாற்றுவது என்பதையும் இப்போதே அலுவலகத்துடன் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.