பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம். என் தாய்மாமா பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஆயுள் கைதி. கொலை வழக்கு. 2009 ஜூனில் கைதானார், 2011-ல் தீர்ப்பு வந்தது. நடுவில் 8 மாதம் ஜாமீனில் இருந்தார். இதுவரை பரோலில் வந்த நாட்களைக் கூட்டினால் 5 மாதம் வரும். தீர்ப்பு வந்த வருடத்திலிருந்து எண்ணி, இந்த வருடம் 14 முடிகிறது என்கிறார் அம்மா. ஆயுள் தண்டனை 14 வருடம்தானே? தலைவர்கள் பிறந்தநாளில் விடுவார்களாமே, அதில் மாமா வருவாரா? எதிர்த்தரப்பு வீட்டில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் பெரியப்பா. கல்லூரித் தோழிகள், கொலை செய்தவருக்காக ஏன் உருகுகிறாய் என்கிறார்கள். மாமா நிறையப் படிப்பார். என்ன புத்தகங்கள் அனுப்பலாம்? அதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

ம.

அன்புள்ள ம.,

தோழிகள் சொன்னதை விட்டுவிடுங்கள். தாய்மாமா மேல் பாசம் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பெரியப்பாவை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு உயிரைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் போய் நின்று கையெழுத்துக் கேட்பது கொடுமை. காரியத்துக்கும் கேடு. அவர்கள் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ‘கைதியின் உறவினர்கள் மிரட்டுகிறார்கள், வெளியே விட்டால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று அறிக்கை போய்விடும். அந்த ஒரு வரியை அழிக்க உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருக்கும்.

அம்மாவின் கணக்கு தப்பு. சட்டம் கேட்பது உள்ளே கழித்த 14 ஆண்டு. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் அதில் சேரும். ஆயுள் கைதிக்கும் இது உண்டு என்று 1985-லேயே பாகீரத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீன் காலம் சேராது. பரோல் நாட்களும் சேராது. தமிழ்நாட்டில் அந்த விடுப்பைத் தரும் 1982-ஆம் ஆண்டு விதிகளுக்குத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் என்றுதான் பெயர். வெளியே இருந்த நாளுக்குத் தண்டனை ஓடாது. இப்போது நீங்களே கூட்டுங்கள். 2009 ஜூனோடு 14 ஆண்டு, 2023 ஜூன். அதோடு 8 மாதமும் 5 மாதமும். 2024 ஜூலையிலேயே உங்கள் மாமாவுக்கு 14 முடிந்துவிட்டது! வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையா? எனக்குக் கோபம் வருகிறது ம. அழுவதற்கு நேரம் இருந்தவர்களுக்குக் கூட்டுவதற்கு நேரம் இல்லாமல் போயிற்றே.

14 முடிந்தால் கதவு தானாகத் திறக்காது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று 1961-ல் கோபால் கோட்சே வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. 14 என்ற எண், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978-ல் சேர்த்த 433-ஏ பிரிவில் வந்தது. அதன் இடத்துக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அதற்கு முன் தண்டனைக் குறைப்புக் கொடுத்து விடக்கூடாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. அது முடிந்தபின் விடுவதும் விடாததும் அரசின் ஆணையைப் பொறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ‘குறைப்பு இல்லாமல் 25 ஆண்டு’ என்பதுபோல ஒரு வரி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அப்படி எழுத உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே அதிகாரம் என்று 2015-ல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

இனி பிறந்தநாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது அந்த ஒரு வரிதான், ஏனென்றால் பல நாளாக இதே நினைப்பு. 2008-ல் அண்ணா நூற்றாண்டு என்று, 7 ஆண்டு முடித்த 1,405 ஆயுள் கைதிகளை விட்டார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, அப்போது 10 ஆண்டு. 2021-ல் மறுபடி அண்ணா பிறந்தநாள், 700 பேர் என்று அறிவிப்பு. வெளியே வந்த ஒவ்வொருவருக்காகவும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் 2008 செப்டம்பர் 15 அன்று 6 ஆண்டு 11 மாதம் முடித்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதம் குறைந்தது. அடுத்த பெரிய விடுதலை வருவதற்குள் அவருக்கு 16 ஆண்டு தாண்டியிருக்கும். இந்த இடைவெளியில் அவர் திருந்தினாரா, தொழில் கற்றாரா, தாய் செத்தாளா என்று யார் கேட்டார்கள்? மன்னன் முடிசூடும் நாளில் சிறை திறந்த காலத்து வழக்கம் இது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம், ஆளுநர் வழியாகப் போகிற அரசியல் சாசன 161-ஆம் பிரிவிலும் இருக்கிறது. அதற்கு 14 ஆண்டு வரம்பு கிடையாது. அந்த அதிகாரத்தை விழாவுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வைப்பதைத்தான் குறை சொல்கிறேன். அதுவும் சில நேரம் நகராது. பேரறிவாளன் விடுதலைக்கு அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பர் 9. அவர் விடுதலையானது 2022 மே 18, அதுவும் உச்ச நீதிமன்றம் முழு நீதிக்கான தன் தனி அதிகாரமான 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி.

ஒவ்வொருவருக்கும் தகுதி வரும் தேதி தெரிந்ததுதான். அந்தத் தேதியில் அவர் கோப்பு மேசைக்கு வர வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். இது என் ஆசை மட்டுமில்லை. 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. முன்கூட்டியே விடுவதற்கான கொள்கை உள்ள மாநிலத்தில் கைதி மனுப் போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும். ஆணையில் சுருக்கமாகவாவது காரணம் இருக்க வேண்டும். அது சிறை வழியாகக் கைதிக்கும், நகல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும்.

ஆனாலும் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது. அந்த ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், வக்கீலுக்குக் காசு கேட்கமாட்டார்கள். கைது, ஜாமீன், சரணடைந்த தேதி, ஒவ்வொரு விடுப்பின் தேதிகள், தீர்ப்பின் நகல், அபராதம் கட்டிய ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அபராதம் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதற்கான மாதங்கள் தனியாக வந்து நிற்கும். வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள். பல கோப்புகள் முடங்குவது நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில். அவர் தீர்ப்பில் உள்ள பழைய முகவரிக்குப் போவார், வீடு பூட்டியிருக்கும், ‘ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை’ என்று எழுதிவிடுவார். வீடு மாறியிருந்தால் சிறைக்கும் அவருக்கும் இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். மாமா வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை, யார் பொறுப்பு என்பதை அம்மா ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

உங்களுக்கு இன்னும் ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, பாளையங்கோட்டையில் 14 ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை கோப்பு பரிசீலிக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மாமாவோடு உள்ளே இருக்கிற, கடிதம் எழுத யாருமில்லாதவர்களுக்கும் அது உதவும்.

புத்தகம் எதுவானாலும் சரி, அவருக்குப் பிடித்ததை அனுப்புங்கள். எதை அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே சிறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். உறையில் கைதி எண்ணும் தகப்பனார் பெயரும் இருக்கட்டும். கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் வழக்கைப் பற்றியோ எதிர்த்தரப்பைப் பற்றியோ ஒரு வரியும் வேண்டாம். ஜாமீன் தேதிகள் அத்தைக்குத்தான் சரியாக நினைவிருக்கும். இன்று மாலையே போய்க் கேளுங்கள்.