கரிநெருப்பின் அருகே

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 29. ஜனவரியில் திருமணம். கல்லூரிக் காலத்தில் ஒருவரோடு பழகி, எல்லை மீறி, பிறகு கைவிடப்பட்டேன். சமாரியப் பெண்ணைப் போல நானும் அழுக்கானவள். சபை முன் எழுந்து சாட்சி சொன்னால்தான் விடுதலை என்கிறார் பெண்கள் ஐக்கியத் தலைவி. வரப்போகிறவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி வாட்ஸப்பில் அனுப்பிவிடட்டுமா? பழைய போட்டோக்களை என்ன செய்வது? எதை வாசிக்கலாம்?

பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரி,

போட்டோக்களை அழித்துவிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாசிக்க யோவான் 21 போதும். சில வாரங்களாக என் மனம் அந்த அதிகாரத்திலேயேதான் கிடக்கிறது.

சமாரியப் பெண்ணை விட்டுவிடுங்கள். இயேசு கிணற்றடியில் அவளோடு பேசும் யோவான் 4இல் பாவம் என்ற பேச்சே இல்லை. ஐந்து புருஷர் இருந்தார்கள், இப்போது இருக்கிறவன் புருஷனல்ல என்று மட்டும் இருக்கிறது. அந்த ஐவரும் செத்தார்களா, தள்ளிவிட்டார்களா, தெரியாது. மிச்சமெல்லாம் பிரசங்கத்தில் சேர்ந்தது. எழுதாத ஒன்றை அவள் மேல் ஏற்றி, அதே சொல்லை உங்கள் மேலும் பூசிக்கொள்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. எல்லை மீறினேன் என்பது நடந்தது. அழுக்கானவள் என்பது நடந்ததைவிடப் பெரிய வார்த்தை. பெரிதாக்கிச் சொல்வதும் உண்மையல்ல.

இயேசுவின் சீடன் பேதுருவைப் பாருங்கள். ‘எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன்’ என்றவன். அன்றிரவே பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அவரைத் தெரியாது என்றான். கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல், அந்த்ராக்கியா, புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று அந்த முற்றம், 18:18. மற்றது 21:9, திபேரியாக் கடற்கரை. உயிர்த்தெழுந்தவர் அங்கே கரிநெருப்புப் போட்டு மீன் வைத்திருக்கிறார். அதே புகை, அதே வாசனை. பேதுருவுக்கு வயிற்றைப் புரட்டியிருக்காதா?

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு. 15ஆம் வசனம் ‘அவர்கள் போஜனம்பண்ணினபின்பு’ என்றுதான் தொடங்குகிறது. ஏன் மறுதலித்தாய், எத்தனை தரம், யார் கேட்டபோது என்ற விசாரணையே இல்லை. ‘இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?’ அவனுடைய பழைய வீம்புதான் இப்போது கேள்வியாக வருகிறது. அவன் பதிலில் அந்த ‘அதிகமாய்’ இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்கிறான், அவ்வளவுதான். நான் எல்லாரையும்விட மேல் என்றும் சொல்லவில்லை, நான் நாய் என்றும் சொல்லவில்லை. முதன்முறையாக அளவாகப் பேசுகிறான். மூன்றாம் முறை கேட்டபோது துக்கப்பட்டான். வலித்தது. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் கையில் வேலை கொடுக்கப்பட்டது: ஆடுகளை மேய்.

சாட்சி விஷயத்தில் அந்த அம்மாவுக்கு மரியாதையாக மறுப்புச் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 ‘ஒருவருக்கொருவர்’ என்கிறது, மைக் முன்னால் என்று சொல்லவில்லை. தன் குற்றத்தையும் உங்களிடம் சொல்லத் துணிகிற, வாய் காக்கத் தெரிந்த மூத்த பெண் ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அழுகையை அங்கேயே அழுது தீர்த்துவிட்டு வரலாம். இல்லாவிட்டால் வரப்போகிறவரிடம் உண்மை சொல்லப் போய், உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையை அவர் தலையில் வைத்துவிடுவீர்கள்.

வாட்ஸப் வேண்டவே வேண்டாம். எழுதியது யார் கைக்கும் போகும், முகமும் தெரியாது. நேரில், பகலில், அவசரமில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். பத்திரிகை அடிக்கும் முன், கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கத் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். விலகிப்போகவும் அவருக்கு வழி இருக்கும்போது சொல்வதுதான் நேர்மை. ஒருவரோடு பழகினேன், உடலுறவும் இருந்தது, இத்தனை வருஷமாகத் தொடர்பில்லை: இந்த மூன்றையும் ஒரே முறையில் சொல்லிவிடுங்கள். பாதியை மறைத்து அடுத்த மாதம் சொன்னால், அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் இன்னும் என்ன பாக்கி என்றுதான் அவர் மனம் தேடும். அவர் முடிவெடுக்கத் தேவையான எதையும் மறைக்காதீர்கள். ஆனால் எந்த இடம், என்ன பேசினீர்கள் என்ற விவரங்களுக்குள் போகாதீர்கள். அவை அவர் கண்ணில் படமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு நீங்களே நினைத்தாலும் எடுக்க முடியாது. அவர் துருவிக் கேட்டால், ‘அதைச் சொன்னால் உங்களுக்குப் பாரம்தான், வேண்டாம்’ என்று சொல்லலாம்.

சொன்னபின் ஒரு வாரமாவது அவரை விடுங்கள். நடுவில் போன் பண்ணி என்ன முடிவு என்று கேட்காதீர்கள். அந்த வாரம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.