சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, கைக்கு 16,500 ரூபாய் வருகிறது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்த நேரத்தில் தக்காளியும் விலை போகவில்லை. செல்போனில் ஒரு லோன் ஆப் போட்டு 5,000 வாங்கினேன். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று என்று ஏழு நாள் ஆப் மட்டும் நான்கு ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் அவற்றுக்கே 21,000 கட்டிவிட்டேன், இன்னும் தீரவில்லை. இதற்கிடையில் பைக் லோன் மாதம் 3,100, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பர்சனல் லோன் 2,940, இரண்டிலும் இரண்டு தவணை நின்றுவிட்டது. போன வாரம் என் போட்டோவை அசிங்கமாக ஒட்டி சூப்பர்வைசருக்கும் அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கட்டாவிட்டால் சிபிலை அழித்துவிடுவோம் என்கிறார்கள். இரவில் தூக்கமே இல்லை. எதை முதலில் அடைப்பது?

பதில்: தம்பி, முதலில் உங்கள் 21,000 எங்கே போனது என்று பார்ப்போம். பைக் லோனும் பர்சனல் லோனும் சேர்ந்து மாதம் 6,040. இரண்டு மாதத்துக்கு 12,080. இவை இரண்டையும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கையில் 8,920 மிஞ்சியிருக்கும். ஆனால் பைக் லோன்காரர் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார், ஆப்காரன் அக்காவுக்கே போன் போட்டான். யார் சத்தம் போட்டார்களோ அவர்களுக்குப் பணம் போனது. சத்தம் போடாதவர் உங்கள் பெயருக்கு நேரே பாக்கி என்று எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கடன் 5,000 என்று இருக்கிறது, கணக்கில் விழுந்தது 3,250. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது 3,250க்கு ஒரு வாரத்தில் 1,750 வட்டி, நூற்றுக்கு ஏறக்குறைய 54 ரூபாய். நம் ஊரில் 'மூணு வட்டி' என்றாலே அநியாயம் என்போம். அந்த மூணு வட்டிக்காரர் ஒன்றரை வருடத்தில் வாங்குவதை இவன் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டான்.

இப்போது கடன்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்தது ஒரு குவியல். யார் கொடுத்தார்கள் என்றே தெரியாதது இன்னொன்று. எப்படிக் கண்டுபிடிப்பது? பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, பணம் வந்த நாளில் அனுப்பியவர் பெயர் என்ன என்று பாருங்கள். டிஜிட்டல் கடன் என்றால் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், நீங்கள் கட்டுவதும் நேராக அதன் கணக்குக்கே போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் போட்ட விதி. உங்கள் ஸ்டேட்மென்டில் யாரோ தனிநபர் பெயர், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு யூபிஐ ஐடி. ஏழு நாள் ஆப் நான்கும் இரண்டாம் குவியல்தான், சந்தேகமே இல்லை. வட்டியும் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் முக்கிய விவரப் பட்டியலைக் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்படி ஒரு தாளை இந்த ஆப்களில் நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் கடன் ஆப்களின் பட்டியல் ஒன்று 2025 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதில் பெயரைத் தேடலாம். ஆனால் அது நிறுவனங்கள் தாங்களே கொடுத்த விவரம், ரிசர்வ் வங்கி சரிபார்த்து முத்திரை குத்தியது அல்ல. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சிபிலை அழித்துவிடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு அந்தப் பக்கம் வாசலே கிடையாது. நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று ரிப்போர்ட் வைத்து, அதற்கு ஸ்கோர் என்று மதிப்பெண் போடுவதற்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாட்டில் நான்கு கிரெடிட் நிறுவனங்கள். அவற்றுக்குத் தகவல் கொடுக்கச் சட்டப்படி அனுமதி பெற்ற கடன் நிறுவனங்களால்தான் முடியும். பெயரில்லாத ஆப்காரன் உங்கள் மானத்தை வாங்கலாம், ஸ்கோரைத் தொட முடியாது. ஸ்கோரைத் தொடப்போவது சத்தமில்லாமல் இருக்கும் அந்த பைக் லோன்தான். தவணை தவறி 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும். உங்களுக்கு இரண்டு தவணை போயிருக்கிறது, மூன்றாவதுக்கு அதிக நாள் இல்லை. சம்பளம் விழுந்ததும் பைக், பர்சனல் லோன் இரண்டுக்கும் தலா ஒரு தவணையாவது கட்டுங்கள். மீதிப் பாக்கிக்கு அவகாசம் கேட்டு மெயில் அனுப்புங்கள். போனில் பேசி முடிக்க வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

அந்தப் பாக்கிக்கு வீட்டில் சின்ன நகை இருந்தால் பொதுத்துறை வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அடகு வைக்கலாம். வட்டி பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள் இருக்கும். அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரிகிறது. அதற்காக ஆப்பை அடைக்கத் தண்டல்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள். 10,000 என்று எழுதி 8,500 கொடுத்து, நூறு நாள் தினம் நூறு ரூபாய் வாங்குவதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். அநியாய வட்டி வாங்குவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் தண்டல் நிற்கவில்லை.

சரி, அந்த போட்டோ. அது கடன் விவகாரமே இல்லை, குற்றம். ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். ஆப்பின் பெயர், மிரட்டிய மெசேஜ், நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய யூபிஐ பரிவர்த்தனை எண், எல்லாவற்றையும் எடுத்து அக்கா போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் போய் கான்டாக்ட், கேலரி அனுமதியை நிறுத்திவிட்டு ஆப்பை நீக்குங்கள். 1930க்குப் போன் செய்தோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் பதியுங்கள். மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். கான்டாக்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு மெசேஜ் போதும்: "என் போன் நம்பர்களைத் திருடி ஒரு மோசடி ஆப் பொய்யான படம் அனுப்புகிறது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். நம்பர் தெரியாத ஆட்களுக்குப் பதில் சொல்லாதீர்கள், வந்த மெசேஜை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்." சூப்பர்வைசரிடம் மட்டும் நேரில் சொல்லிவிடுங்கள்.

கைக்கு வந்த 3,250ஐத் திருப்பித் தராதே என்று நான் சொல்லவில்லை. தினம் மாறும் யூபிஐ ஐடிக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன். அனுப்பினால் ரசீது வராது, அடுத்த மிரட்டல்தான் வரும். 15100க்கு அழைத்தால் இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். அந்த வக்கீலை வைத்து இதை முடியுங்கள். தூக்கம் போகிறது என்றீர்களே, 14416க்குப் பேசுங்கள். மனநல உதவிக்கான அரசு எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பர்கூர் ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன். என் கணவர் ஆன்லைனில் வாங்கிய கடனுக்கு எனக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் போன் வருகிறது. நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. என் குழு லோன் பாதிக்குமா?

பதில்: கணவர் உங்கள் நம்பரைத் தொடர்புக்காகக் கொடுத்திருந்தால் நீங்கள் ஜாமீன்தாரர் ஆகிவிட மாட்டீர்கள், அம்மா. கையெழுத்தோ ஓடிபி வழியான சம்மதமோ இல்லாமல் அந்தக் கடன் உங்கள் தலையில் ஏறாது, உங்கள் சிபிலிலும் வராது. உங்களுக்கு எப்போதாவது ஓடிபி வந்து அதை அவரிடம் சொன்னீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். குழு லோன் தனிக் கணக்கு. அதில் உங்கள் தவணை தவறினால்தான் பிரச்சனை, கணவர் கடனை வைத்து அதைத் தொட முடியாது. ஆனால் குழுப் பணத்தை எடுத்து அவர் கடனுக்குக் கட்டிவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். மற்ற பெண்களுக்கும் சேர்த்து இழுத்துவிடும்.

வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கொடுத்தது பதிவான நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அலுவலருக்கு, அழைப்பு வந்த நேரம் தெரியும் கால் லிஸ்டோடு புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியில் இந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 14448ல் கேட்டால் வழி சொல்வார்கள், அங்கே புகார் கொடுக்கப் பைசா செலவில்லை.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். 40,000 பாக்கி உள்ள கடனை 22,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தர்மபுரியில் ஒருவர் 6,000 கொடுத்தால் சிபிலை 'கிளீன்' செய்து தருவதாகவும் சொல்கிறார். இரண்டையும் செய்துவிடலாமா?

பதில்: அந்த 6,000ஐ முதலில் சட்டைப்பைக்குள் திரும்ப வையுங்கள். உண்மையான பாக்கியை ரிப்போர்ட்டிலிருந்து யாராலும் துடைக்க முடியாது. தவறான தகவல் என்றால் அந்த கிரெடிட் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே புகார் போடலாம், செலவே இல்லை. எனக்கே நடந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவரின் டிராக்டர் கடன் என் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருந்தது. டிராக்டர் ஓட்டத் தெரியாத எனக்கு! இரண்டு பேருக்கும் பெயரும் இனிஷியலும் ஒன்று, அவ்வளவுதான். தளத்தில் புகார் போட்டு, பான் கார்டு நகல் கொடுத்த பிறகு போனது. இப்போது விதி இன்னும் நல்லது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

செட்டில்மென்ட் வேறு விஷயம். 18,000 மிச்சம் என்று தோன்றும். ஆனால் முழுதும் கட்டினால் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வரும், குறைத்து முடித்தால் 'செட்டில்டு' என்று வரும். அடுத்து கடன் கேட்கப் போகிற இடத்தில் இவர் முழுதும் கட்டவில்லை என்றுதான் அதைப் படிப்பார்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், நாலைந்து தவணையாக முழுத் தொகையும் கட்ட இடம் தருவார்களா என்று கேளுங்கள். அபராதக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லிப் பேரம் பேசலாம், பல இடங்களில் இறங்கி வருவார்கள். வழியே இல்லை, குடும்பம் திண்டாடுகிறது என்றால் செட்டில்மென்ட் போடுங்கள். அது பாவம் ஒன்றும் இல்லை, பாக்கி அப்படியே கிடப்பதற்கு மேல்தான்.

எதுவானாலும் பணம் கட்டும் முன் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். தொகை, கடைசி தேதி, கடன் எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வசூலுக்கு வந்தவரின் ஜிபேக்குப் போடாமல் நிறுவனத்தின் கணக்குக்குப் போடுங்கள். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை, அதாவது என்ஓசியைக் கேட்டு வாங்குங்கள். கடன் நிறுவனங்கள் இப்போது 15 நாளுக்கு ஒருமுறையாவது கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் இரண்டு மாதம் பொறுத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அப்போதும் பழைய பாக்கியே தெரிந்தால் அந்த என்ஓசி நகலை இணைத்துப் புகார் போடுங்கள்.