புதியவருக்குப் பயிற்சி அறை வேண்டாம், ஒரு மனை கொடுங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து, பிளாக் என்னும் கனசதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் ஆட்டமான மைன்கிராஃப்டுக்கு ஒரு சர்வர் நடத்துகிறோம். பேப்பர் மென்பொருளில் ஓடுகிறது. கைப்பேசியில் ஆடுகிறவர்களும் வரட்டும் என்று கெய்சர் போட்டிருக்கிறோம். நிலப் பாதுகாப்புக்கு கிரீஃப்பிரிவென்ஷன் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. நுழைவிடத்தில் 22 விதிப் பலகைகள் வைத்திருக்கிறோம். அவற்றை எடுத்துவிட்டு எட்டு அறை கொண்ட பயிற்சிக்கூடம் கட்டலாம் என்று யோசனை. அதில் ஒரு தாண்டுபாதையும் கடைசியில் ஒரு வினாடி வினாவும் இருக்கும். சரியாக வருமா?

பதில்: பலகைகளை எடுப்பது சரி. எட்டு அறை வேண்டாம். மூன்று நிறுத்தம் போதும். அதிலும் மூன்றாவது ஓர் அறையாக இருக்கக்கூடாது. அந்தப் பிள்ளைக்கே சொந்தமாகப் போகிற மனையாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்தவரைப் பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிறுத்தி 22 விதி படிப்பதில்லை. இது உன் மர நிரை என்று காட்டுவார்கள், பக்கத்து நிரையில் பழகிய கை ஒருவர் இருப்பார். மற்றதெல்லாம் வேலையோடு வந்துவிடும். சர்வரிலும் அந்த வழிதான் நிற்கிறது.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மரம் வெட்டுவது, கல் தோண்டுவது, மேசையில் பொருள் செய்வது எல்லாம் ஆட்டத்திலேயே கற்றுக்கொள்ளக்கூடியவை. உங்கள் சர்வரில் மட்டும் இருப்பதையும், தெரியாவிட்டால் பொருள் பறிபோகிறதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அமைப்பில் அவை மூன்று: நிலத்தை உரிமையாக்குவது, வீட்டுக்குத் திரும்பும் கட்டளை, உதவி கேட்கும் வழி. செத்தால் சிதறும் பொருட்கள், அருகில் ஆள் இருந்து அந்த இடம் இயக்கத்தில் இருக்கும் வரை, ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். கட்டின வீட்டை மறுநாள் வேறு யாரோ உடைத்திருப்பார்கள். சிறு பிள்ளைகள் ஓடிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு இழப்பினால்தான். விதி தெரியாமல் அல்ல.

முதல் நிறுத்தம், இறங்குமிடம். எசென்ஷியல்ஸ்எக்ஸ் என்ற பிளக்இன் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போட்டு, அதன் ஸ்பான் துணைக்கோப்பையும் சேர்த்தால் புதியவர்களுக்கென்று தனி இறங்குமிடம் வைக்கலாம். 'செட்ஸ்பான் நியூபீஸ்' கட்டளையை அடிக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்களோ, வருகிறவரும் அந்தப் பக்கமே பார்த்து இறங்குவார். கதவை நேராகப் பார்த்து நின்றுகொண்டு அடியுங்கள். சுவரைப் பார்த்து இறங்குகிற பிள்ளைக்கு வழியைத் தேடுவதே முதல் வேலையாகிவிடும். கூடம் 10 பிளாக் நீளம் இருந்தால் போதும். மூன்றே மூன்று விதிகளை எழுதுங்கள்: பிறர் கட்டியதை உடைக்காதே, கெட்ட வார்த்தை வேண்டாம், போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் யாரிடமும் சொல்லாதே. மூன்றாவது, பிள்ளைகள் ஆடும் எந்த சர்வரிலும் விடக்கூடாதது. மீதியைப் புத்தகமாக எழுதிப் பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது நிறுத்தம், பை. எசென்ஷியல்ஸ்எக்ஸ் அமைப்புக் கோப்பில் புதியவர் பகுதியில் ஒரு கிட் (பொருள் தொகுப்பு) பெயர் கொடுத்தால் முதல் நுழைவிலேயே பொருள் கைக்கு வந்துவிடும். ஒரு பெட்டி, ஒரு கட்டில், 16 தீப்பந்தம், 16 ரொட்டி, கல் கோடரி, கல் மண்வெட்டி, நில எல்லையைப் பார்க்க ஒரு குச்சி. வைரக் கவசம் கொடுக்காதீர்கள். எல்லாம் கையில் இருந்தால் அடுத்த பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்குச் செய்ய எதுவும் இருக்காது.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயம் போல வரிசையாக மனைகள் போடுங்கள். கிரீஃப்பிரிவென்ஷனில் நிலமே இல்லாத ஒருவர் முதல் பெட்டியை வைத்தவுடன், முன்னிருப்பு அமைப்பில், பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் 4 பிளாக் வரை அவர் பெயரில் விழும். அதாவது 9-க்கு 9. ஆகவே ஒவ்வொரு மனையும் 9-க்கு 9, நடுவில் வேறு நிறத்தில் ஒரு பிளாக், 'பெட்டியை இங்கே வை' என்ற ஒரே படம். மனைக்கும் மனைக்கும் 3 பிளாக் இடைவெளி. ஒரு வரிசைக்குப் பத்து மனை என்றால் 90-ம் 27-ம் சேர்ந்து 117 பிளாக் நீளம். எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் 5 பிளாக் அகலச் சாலை.

நடுப் பிளாக்கை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். பெட்டி ஒரு பிளாக் சாலைப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டால் சாலையின் உரிமை எல்லையில் இடிக்கும், கிடைக்கும் நிலம் சுருங்கிவிடும். சர்வரின் பெயரில் நிலத்தைப் பூட்டும் நிர்வாக உரிமையை இங்கே சாலைக்கு மட்டும் போடுங்கள். மொத்தக் குடியிருப்புக்கும் போட்டால் புதியவரால் பெட்டியே வைக்க முடியாது.

மனையில் நிற்கும்போதே 'செட்ஹோம்' அடிக்க வையுங்கள். பிறகு சாலை முனைவரை நடந்துபோய் 'ஹோம்' அடித்துத் திரும்பச் சொல்லுங்கள். இந்த 'திரும்பி வந்தேன்' என்ற அனுபவம் ஒருமுறை கிடைத்துவிட்டால் காட்டுக்குள் போகப் பயம் விட்டுப்போகும். ஆட்டத்தில் ஒரு முழு நாள் 20 நிமிடம்தான். வருகிறவர் இரவிலேயே வந்து இறங்கலாம். ஆட்டத்தின் 1.18 பதிப்பு முதல் தீப்பந்தம் போன்ற விளக்கின் ஒளி சுத்தமாக 0 ஆக இருக்கும் இருட்டில்தான் அரக்கர்கள் முளைக்கும். தீப்பந்தத்தின் ஒளி 14. ஆகவே சமதரையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 12 பிளாக்குக்கு ஒன்று நட்டால் குடியிருப்பு முழுவதும் தப்பும்.

இனித் தமிழ் எழுத்து. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஆட்டத்தின் பலகையில் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் இடம் மாறி விழக்கூடும். கணினியில் தெரிவதும் கைப்பேசியில் தெரிவதும் ஒன்றாக இருக்காது. நம் மொழியைப் பிள்ளைகள் முதல் பார்வையிலேயே உடைந்த வடிவில் பார்க்கக்கூடாது. ஆகவே வாக்கியத்தைப் படமாக்கி, வரைபடமாக மாற்றித் தரும் பிளக்இன் வழியாக ஐட்டம் ஃபிரேமில் மாட்டுங்கள். ஒரு வரைபடம் 128-க்கு 128 புள்ளி. மூன்று அகலம் இரண்டு உயரம் வைத்தால் 384-க்கு 256 கிடைக்கும். அதில் ஐந்தாறு சொல் பெரிதாக எழுதலாம். வரைபடத்துக்கு நிறங்கள் குறைவு, அதனால் வெள்ளையில் கறுப்பு எழுத்தே தெளிவு. கீழே அதே கருத்தை மலாயில் ஒரு வரி சேர்த்தால் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையும் வருவான்.

கைப்பேசிக்காரர்களை மனதில் வைத்தால் உங்கள் திட்டத்தில் பாதி தானாக விழும். தொடுதிரையில் தாண்டுபாதை ஒரு தண்டனை. ஆட்டத்தைக் கற்காமல் விரலோடு போராடுவார்கள், எடுத்துவிடுங்கள். வினாடி வினா தட்டச்சு கேட்கும். அடிக்கும்போது விசைப்பலகை பாதித் திரையை மூடிவிடும், அதுவும் வேண்டாம். அரட்டையில் 'இங்கே அழுத்து' என்று இணைப்பு வைத்தால் ஜாவா பதிப்பில் வேலை செய்யும், கெய்சர் வழியாக வரும் பெட்ராக் பதிப்பில் செய்யாது. அதற்குப் பதில் தொட்டால் பேசும் பாத்திரம், மிதித்தால் இயங்கும் பிரஷர் பிளேட் வையுங்கள். 'வலது கிளிக்' என்று எங்கும் எழுதாதீர்கள். 'தொடு', 'அழுத்திப் பிடி' என்று எழுதுங்கள். திரை நடுவில் வரும் தலைப்பு முன்னிருப்பில் 70 டிக் நிற்கும், நொடிக்கு 20 டிக் என்பதால் அது மூன்றரை நொடி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் போதாது. 120 ஆக்குங்கள்.

தோட்டப் பக்கம் இணைப்பு விட்டு விட்டு வரும். பார்வைத் தூரம் முன்னிருப்பில் சுற்றிலும் 10 துண்டு, அதாவது 21-க்கு 21 என்று ஒருவருக்கு 441 துண்டு உலகம் அனுப்ப வேண்டும். 6 ஆக்கினால் 169. ஆட்டத்தின் தோற்றத்தை மாற்றும் கோப்பான ரிசோர்ஸ் பேக்கைக் கட்டாயமாக்காதீர்கள். மறுத்தவரை சர்வர் வெளியே தள்ளிவிடும்.

கட்டி முடித்ததும் வழக்கமாக மூன்று கோளாறு வரும். ஒன்று, பொதுக் கதவு. ஒரு பிள்ளை திறந்தால் பின்னால் நிற்பவனும் எதுவும் செய்யாமல் கடந்துவிடுவான். கட்டளையைத் தானாக இயக்கும் கமாண்ட் பிளாக்கில் 'அருகிலிருப்பவர்' என்ற குறியைப் போட்டிருந்தால், மிதித்தவனை விட்டுப் பக்கத்தில் நிற்பவனை மனைக்கு அனுப்பிவிடும். கதவே வைக்காமல், முடித்தவருக்கு மட்டும் ஒரு டேக் (அடையாளக் குறி) ஒட்டி, அந்த டேக் உள்ளவரையே நகர்த்துங்கள். இரண்டு, கூடத்தில் எதையும் உடைக்க விடாத அட்வென்ச்சர் முறை. பாதியில் 'ஸ்பான்' அடித்து வெளியே ஓடியவன் அதே முறையில் மாட்டிக்கொண்டு, எதுவும் உடையவில்லை என்று போய்விடுவான். கூடத்துக்கும் நிர்வாக உரிமை போட்டுவிட்டு வழக்கமான சர்வைவல் முறையிலேயே விடுங்கள்.

மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாதது. சர்வர் அமைப்பில் 'ஸ்பான் புரொடெக்‌ஷன்' முன்னிருப்பில் 16. உலகத்தின் ஸ்பான் புள்ளியைச் சுற்றி 33-க்கு 33 பிளாக்கில் ஓபி (சர்வர் நிர்வாகி அதிகாரம்) இல்லாத யாரும் எதுவும் வைக்க முடியாது. உங்கள் நால்வருக்கும் ஓபி இருப்பதால் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். வருகிற பிள்ளைக்கு மட்டும் பெட்டி வைக்க வராது. மதிப்பை 0 ஆக்குங்கள், அல்லது மனைகளை அந்தச் சதுரத்துக்கு வெளியே தள்ளுங்கள். ஓபி இல்லாத கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, கைப்பேசியிலேயே, தொடக்கம் முதல் முடிவுவரை நடந்து பாருங்கள்.

பிறகு ஆட்டம் தெரியாத ஐந்து பிள்ளைகளை, ஒருவர் ஒருவராக, பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தயங்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள், பலகை சேர்க்காதீர்கள். அதன்பின் மூன்றே எண்களை வாரந்தோறும் எழுதி வையுங்கள்: புதிதாக நுழைந்தவர் எத்தனை, பெட்டி வைத்தவர் எத்தனை, மறுநாள் திரும்பி வந்தவர் எத்தனை. முதலுக்கும் இரண்டுக்கும் இடையில் ஆள் விழுந்தால் கூடத்தில் கோளாறு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விழுந்தால் லயத்தில் பேச்சுத்துணை இல்லை. அந்த மாலைகளில் உங்களில் ஒருவர் சாலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.