லெம்மி போன பிறகும் ஹாக்விண்ட், ஹாக்விண்ட்தானா?

கேள்வி: பேஸ் கிடார்க்காரர் லெம்மி இல்லாத ஹாக்விண்ட் ராக் குழுவை அதே குழு என்று சொல்ல முடியுமா? 1975-க்குப் பிறகு வந்த ஆல்பங்களைக் கேட்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

அதே குழுதான். கட்டாயம் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 1980-இல் வந்த லெவிட்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லெம்மி இல்லை.

நீங்கள் லெம்மி பிறகு தொடங்கிய மோட்டார்ஹெட் குழுவைக் கேட்டுவிட்டுப் பின்னோக்கி வந்தவர் என்று நினைக்கிறேன். லெம்மி அதற்கு முன் எங்கே இருந்தார் என்று தேடி, சில்வர் மெஷின் பாட்டைக் கேட்டு, ஸ்பேஸ் ரிச்சுவல் ஆல்பம் வரை வந்திருப்பீர்கள். அங்கே யாரோ ஒருவர் “இத்தோடு நிறுத்திக்கொள், மிச்சமெல்லாம் டேவ் ப்ராக் கூலிக்கு ஆள் பிடித்துச் செய்தது” என்று சொல்லியிருப்பார். எனக்கும் ஒருவர் சொன்னார். நேருக்கு நேர், கடையில் நான்கு பேர் முன்னால். அன்று நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சில விவரங்கள். ஹாக்விண்ட் 1969-இல் லண்டனின் நாட்டிங் ஹில், லாட்ப்ரோக் குரோவ் பக்கம் தொடங்கிய குழு. கிடார் வாசிக்கும் டேவ் ப்ராக் தெருவில் பாடிக் காசு வாங்கியவர். அன்றிலிருந்து இன்றுவரை குழுவில் இருப்பவர் அவர் ஒருவர்தான். லெம்மி சேர்ந்தது 1971-இல். வெளியேற்றப்பட்டது 1975 மே மாதம். நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்று, நேரடி நிகழ்ச்சிப் பதிவான ஸ்பேஸ் ரிச்சுவல் ஒன்று. டிரம்ஸ் வாசிக்கும் ரிச்சர்ட் சாட்விக் 1988-இல் வந்தவர், 35 ஆண்டுகளுக்கு மேலாக வாசிக்கிறார். இந்த விவாதங்களில் அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? லெம்மியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு முன் பேஸ் கிடாரே வாசித்திராத மனிதர், ரிதம் கிடார்க்காரனின் கையோடு வந்து அதை வாசித்த விதம் யாருக்கும் வராது. அவர் இறந்த 2015 டிசம்பரில் நானும் விடிய விடிய அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொல்வது கணக்கு மட்டும்.

இனி என் கதை. 1993-இல் நான் கப்பலில் ஜூனியர் இன்ஜினியர். பழைய சரக்குக் கப்பல், ஆள் இருந்து வாட்ச் பார்க்க வேண்டிய இன்ஜின் ரூம். இரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் எனக்கும் தேர்ட் இன்ஜினியருக்கும். அவர் ஆங்கிலேயர், ஐம்பதை நெருங்கியவர், வேலை நேரத்தில் அதிகம் பேசமாட்டார். கண்ட்ரோல் ரூமில் கண்ணாடியை ஒட்டி ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் வைத்திருப்பார். கதவைச் சாத்தினாலும் ஜெனரேட்டர் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி ஒரு இசையை அவர் போட்டார். முதலில் ஏதோ பம்ப் ஓட்டம் மாறிவிட்டது என்று எழுந்து கேஜைப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அது 90 நிமிட டிடிகே கேசட். ஏ பக்கம் லெவிட்டேஷன். பி பக்கம் 1977-இல் வந்த குவார்க், ஸ்ட்ரேஞ்ச்னஸ் அண்ட் சார்ம். அட்டையில் நீல மையில், லாக் புக்கில் எழுதும் அதே சாய்ந்த எழுத்தில், பாட்டின் பெயர்களும் யார் யார் வாசித்தார்கள் என்பதும் எழுதியிருந்தார். ஏ பக்கத்தில் டிரம்ஸ், ஜிஞ்சர் பேக்கர். க்ரீம் குழுவில் எரிக் கிளாப்டனோடு வாசித்த அதே பேக்கர். லீட் கிடார், ஹ்யூ லாயிட் லாங்டன். கீபோர்டு, டிம் பிளேக். பேஸ், ஹார்வி பெயின்பிரிட்ஜ். எனக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றுதான் அப்போது. லெம்மி என்று ஒருவர் இந்தக் குழுவில் இருந்தார் என்பதே எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

பி பக்கத்தின் முதல் பாட்டு ஸ்பிரிட் ஆஃப் தி ஏஜ். விண்கலத்தில் உறைநிலையில் பல வருடம் போய்க்கொண்டிருக்கும் ஒருவன், பூமியில் விட்டுவந்த பெண்ணுக்கு இப்போது எத்தனை வயது ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறான். ராபர்ட் கால்வர்ட் எழுதிப் பாடியது. எனக்கு அப்போது வயது 23. ஒன்பது மாத கான்ட்ராக்ட், கடிதம் வந்து சேர ஐந்து வாரம். வீட்டில் அக்காவுக்குக் குழந்தை பிறந்த செய்தி எனக்கு வந்தபோது அது குப்புற விழப் பழகியிருந்தது. நடு இரவில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்டவனிடம் போய் “அது உண்மையான ஹாக்விண்ட் இல்லை” என்று யாரும் சொல்லக் கூடாது.

அதே பக்கத்தில் தி ஃபோர்ஜ் ஆஃப் வல்கன் என்று பாட்டில்லாத இசை ஒன்று உண்டு. பட்டறையில் இரும்பை அடிக்கிற சத்தம் தாளமாக வரும். தேர்ட் அதை மட்டும் சத்தம் கூட்டி வைப்பார்.

கப்பலை விட்டு இறங்கும்போது அந்தக் கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். 1998-இல் எங்கள் கப்பல் லண்டன் பக்கத்து டில்பரி துறைமுகத்தில் நின்றது. ஒரு நாள் ஷோர் லீவ். மற்றவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் போனார்கள். நான் ரயில் பிடித்து ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அங்கிருந்து லாட்ப்ரோக் குரோவ் போனேன். குழு பிறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஹால் ஆஃப் தி மவுண்டன் கிரில் என்ற 1974 ஆல்பத்தின் பெயரில் இருப்பது அந்தப் பக்கம் போர்ட்டபெல்லோ சாலையில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடை. அவர்கள் அங்கேதான் சாப்பிடுவார்களாம்.

பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றில் நுழைந்து ஸ்பேஸ் ரிச்சுவல் எல்பியை எடுத்தேன். பன்னிரண்டு பவுண்டு. பக்கத்தில் நின்றவர் நட்பாகத்தான் பேச்சுக் கொடுத்தார். எந்த ஆல்பம் பிடிக்கும் என்று கேட்டார். லெவிட்டேஷன் என்றேன். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். 1975-இல் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழையும் இடத்தில் லெம்மியிடம் போதைத்தூள் பிடிபட்டது, அது கொக்கெய்ன் என்று நினைத்து உள்ளே வைத்தார்கள், ஆம்ஃபெட்டமின் என்று தெரிந்ததும் வழக்கு நிற்கவில்லை, அவர் டொரோண்டோ போய் மேடை ஏறி வாசித்தார், முடித்ததும் நீ வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கும் அதற்குள் தெரிந்த கதைதான். “அந்த ராத்திரியோடு குழு செத்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டிருப்பது பெயர்ப் பலகையை” என்றார்.

கல்லாவில் இருந்த வயதானவர் அதுவரை பேசவில்லை. பில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: அவரைப் பொறுத்தவரை குழு 1971-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தோடு சரி. லெம்மி வந்து சத்தத்தைக் கூட்டி, இருந்த நுணுக்கத்தை எல்லாம் அழித்துவிட்டார் என்று அப்போது இவர்கள் கூட்டம் புலம்பியதாம்.

கல்லாவில் இருந்த அந்த மனிதர் சொன்னதை நான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் குழு செத்த வருடம் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் அவர்கள் இருபதுகளைத் தாண்டிய வருடமாகவே இருக்கிறது.

ஆள் மாறினால் குழு மாறும் என்பது மற்ற குழுக்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே ஆள் மாறுவதுதான் குழு நடக்கிற விதம். அதுவும் போனவர்கள் திரும்பி வருவார்கள். ஹ்யூ லாயிட் லாங்டன் 1970-இல் முதல் ஆல்பத்தில் வாசித்துவிட்டுப் போய், 1979-இல் திரும்பி வந்தவர். கால்வர்ட் போனார், வந்தார், மறுபடி போனார். சாக்ஸபோன் வாசித்த நிக் டர்னர் 1976-இல் நீக்கப்பட்டு, எண்பதுகளில் திரும்பி வந்து, மறுபடி நீக்கப்பட்டார். சில்வர் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு, லெம்மியின் அடையாளம். வரிகள் கால்வர்ட் எழுதியவை. ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நேரடியாகப் பதிவானபோது பாடியவரும் கால்வர்ட்தான். அந்தக் குரல் சரியாக அமையாததால் பிறகு ஸ்டூடியோவில் லெம்மியைப் பாட வைத்து மேலே பதிந்தார்கள். அந்த வெள்ளி இயந்திரமே ஒரு சைக்கிள்தான் என்று கால்வர்ட் பின்னாளில் விளக்கியிருக்கிறார். லெம்மியின் பாட்டு என்று நாம் கொண்டாடுகிற அதிலேயே இத்தனை கைகள் இருக்கின்றன.

மாறாமல் இருப்பது எது? ப்ராக்கின் வலது கை. இரண்டு மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) எட்டு நிமிடம், பத்து நிமிடம் விடாமல் அரைத்துக்கொண்டே இருப்பார். மேளக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைக் கவனித்திருப்பீர்கள். நாயனக்காரர் எங்கே ஓடினாலும் இவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பார். கைதட்டு முழுக்க நாயனத்துக்குப் போகும். “ஒத்து ஊதுகிறான்” என்பதை நாம் வசவாக வேறு ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அவர் நிறுத்தினால் கச்சேரி அங்கேயே நின்றுவிடும். ப்ராக் அந்த ஒத்து. லெம்மி, டர்னரின் சாக்ஸபோன், சைமன் ஹவுஸின் வயலின், லாங்டனின் கிடார் எல்லாம் அதன் மேலே வந்து வாசித்துவிட்டுப் போன நாயனங்கள்.

டர்னர் ரசிகர்கள் இதைப் படித்தால் கோபம் வரும் என்று தெரியும். ப்ராக் நல்லவர், அவர் வெளியேற்றிய எல்லோரும் தவறானவர்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. குழுவின் பெயர் யாருக்கு என்று பழைய நண்பர்கள் வழக்கு வரை போனது எனக்கும் வருத்தம்தான். டர்னர் 2022-இல் காலமானார், இருவரும் ஒரே மேடையில் நிற்பதை இனி யாரும் பார்க்க முடியாது. ஆனால் ஒரு மனிதர் கடுமையானவரா என்பது ஒரு கேள்வி, அவர் கட்டிக் காத்த இசை அதே இசையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். எல்லா ஆல்பமும் பிரமாதம் என்றும் நான் வாதாடவில்லை. 1976-இல் வந்த அஸ்டவுண்டிங் சவுண்ட்ஸ், அமேசிங் மியூசிக் எனக்கு ஒட்டவே இல்லை. பல முறை முயன்று பார்த்தேன்.

ஸ்பேஸ் ரிச்சுவல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த எல்பியின் உறை மடிப்பு மடிப்பாக விரியும். முழுதாக விரித்தால் சினிமா போஸ்டர் போல இருக்கும். பார்னி பபிள்ஸ் வடிவமைத்தது. கடல் வேலையை விட்டுச் சென்னையில் வாடகைக்கு வீடு எடுத்தபோது, அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். நான்கு ஆணி. வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அது வழக்கம், ஒப்பந்தத்திலும் இருந்தது, சரி. அதற்கு மேல் ஆணி ஒன்றுக்கு ஐநூறு ரூபாய் என்று தனியாக இரண்டாயிரம். ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “சாமி படம்னா விட்ருப்பேன் சார், இது என்ன படம்” என்றார். ஆறு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்தவன் நான். பணம் பெரிதில்லை. என் வீட்டுச் சுவரில் எந்தப் படம் மரியாதைக்குரியது என்று அவர் முடிவு செய்ததுதான் இன்னும் வலிக்கிறது. அந்த லண்டன் கடையில் நின்றபோதும் எனக்கு இதேதான் இருந்தது. வாடகைக்குப் போகிறவர்கள் ஆணி விஷயத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்கே தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேஸ் ரிச்சுவல் கேட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்து 1975-இன் வாரியர் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம். லெம்மி இருக்கும் கடைசி ஸ்டூடியோ ஆல்பம், சைமன் ஹவுஸின் வயலினும் மெல்லட்ரான் என்ற கீபோர்டும் அதில் நிறைந்திருக்கும். அங்கிருந்து நேராகக் குவார்க், பிறகு லெவிட்டேஷன். அதில் தி ஃபிஃப்த் செகண்ட் ஆஃப் ஃபாரெவர் தொடங்கும் இடத்தில் லாங்டன் அக்கூஸ்டிக் கிடாரில் வாசிப்பதைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். 1992-இன் எலக்ட்ரிக் டீப்பியை ப்ராக், ஆலன் டேவி, சாட்விக் என்று மூன்றே பேர் செய்தார்கள். ஏழு பேர் இருந்த காலத்து அடர்த்திக்கு அது குறையாது. 2016-இன் தி மெஷின் ஸ்டாப்ஸ் வரை வந்துவிட்டால் மிச்சத்தை நீங்களே தேடிக்கொள்வீர்கள். 1941-இல் பிறந்த ப்ராக் எண்பதைத் தாண்டிய பிறகும் ஆல்பம் போடுகிறார்.

லெவிட்டேஷனை இரவில், ஹெட்ஃபோன் இல்லாமல், ஃபேன் ஓடுகிற அறையில் கேளுங்கள். மோட்டார்வே சிட்டி முடிந்ததும் இங்கே வந்து ஒரு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், நான் படிப்பேன்.