மொட்டை மாடிக்கா, மெடிக்ளெய்முக்கா? சீட்டுப் பணம் 3 லட்சம்

கேள்வி: அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் சொந்த ஃப்ளாட், 700 சதுர அடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். எனக்கு 41 வயது, சம்பளம் 48,000 ரூபாய். அப்பாவுக்கு 69, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு 64. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மாதம் 12,000 வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மதியத்தில் மெஷினில் உட்கார முடியாததால் பாதிதான் வரும். போன மே மாதம் அப்பா மயங்கி விழுந்தார். பக்கத்து நர்சிங் ஹோமில் ட்ரிப் ஏற்றி மாலையே அனுப்பிவிட்டார்கள். செலவு 6,800 ரூபாய், க்ளெய்ம் கிடைக்கவில்லை. பெற்றோருக்கு 5 லட்சம் பாலிசி இருக்கிறது. அதை 15 லட்சமாக்கச் சொல்கிறார் ஏஜென்ட். மனைவி இரண்டு ஏ.சி. கேட்கிறார். சீட்டு முடிந்து 3 லட்சம் கையில் இருக்கிறது. வெயிலோ வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கூரை, அப்புறம் ஒரே ஒரு ஏ.சி., மூன்றாவதாகத்தான் பாலிசி. ஏஜென்ட் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அப்பாவின் மயக்கத்துக்கு 6,800 ரூபாய் போனது. மனைவியின் வருமானத்தில் மூன்று மாதத்தில் 18,000 போனது. பெரிய தொகை எது என்று பாருங்கள். அதை எந்த மெடிக்ளெய்மும் தராது. சின்னத் தொகையும் வராததற்குக் காரணம், பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம். வெயில் மயக்கமோ பல நேரம் இரண்டு பாட்டில் சலைனோடும் நாலு மணி நேரப் படுக்கையோடும் முடிந்துவிடுகிறது. 15 லட்சம் பாலிசி இருந்திருந்தாலும் அந்த 6,800 உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போயிருக்கும்.

வெயில் கூடுவது பற்றிக் கேட்டீர்கள். மனிதர்கள் பூமியைச் சூடாக்குவதற்கு முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்திருக்கக்கூடிய கடும் வெப்பம், இப்போது பத்தாண்டில் சராசரியாக 2.8 முறை வருகிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. அந்தப் பழைய காலத்தைவிடச் சூடு மொத்தம் 2 டிகிரி உயர்ந்தால் அது 5.6 முறை. கிட்டத்தட்ட ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். எப்போதாவது வரும் பெரிய செலவுக்குத்தான் இன்ஷூரன்ஸ். அடிக்கடி வரப்போகும் செலவை ஸ்கூல் ஃபீஸ் மாதிரி பட்ஜெட்டில் எழுதிவைக்க வேண்டும்.

சென்னையில் டிகிரியை மட்டும் பார்த்தால் போதாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடல் காற்றின் ஈரத்தில் அது காய்வதில்லை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வீட்டுக்குள் இறக்கும். நானும் சில வருடம் கடைசி மாடியில் வாடகைக்கு இருந்தவன். ராத்திரி பதினோரு மணிக்குத் தலைமாட்டுச் சுவரில் கை வைத்தால், இறக்கிவைத்த இட்லிப் பானை மாதிரி இருக்கும். ராத்திரியிலும் உடம்புக்கு ஓய்வு கிடைக்காததுதான் உங்கள் அப்பா வயதில் ஆபத்து.

அதனால்தான் கூரை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது; பின்னாளில் அதில், வெயிலைத் திருப்பியனுப்ப வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் சேர்ந்தது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. உங்களுக்கு இருக்கும் சிக்கல் பெயின்ட் இல்லை, அசோசியேஷன். மொட்டை மாடி பொதுச் சொத்து, கேட்காமல் தொடக் கூடாது. கீழ்வீட்டுக்காரர்கள் "எங்களுக்கென்ன லாபம்" என்பார்கள். நீர்க்கசிவையும் சேர்த்துச் சரிபண்ணலாம் என்று பேச்சை ஆரம்பியுங்கள். அதற்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். மசியவில்லை என்றால், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் உங்கள் செலவில் அடியுங்கள். விரிசலை அடைத்து, கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்க 50,000 ஒதுக்குங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டால் குறையும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே தையல் மெஷின் மதியமும் கொஞ்சம் ஓடும். வருடா வருடம் கழுவி விடுங்கள். தூசி படிந்த வெள்ளை வேலை செய்யாது.

ஏ.சி. ஒன்று போதும், அப்பா அம்மா படுக்கும் அறையில். மே மாதத்தில் எல்லோரும் அங்கேயே பாய் விரித்துக்கொள்ளலாம். ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் உள்ள வருட யூனிட், 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 800 என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் வீதம் அறுபது நாளுக்கு 240 யூனிட். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் கூடும். உங்கள் இரண்டு மாத மின்கணக்கு ஏற்கெனவே 350 என்றால் 500-ஐத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறும். இரண்டு ஏ.சி. ஓடினால் கேட்கவே வேண்டாம். பழைய ஃபேன்களை பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றுங்கள், 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கும். ஏ.சி., ஒயரிங், மூன்று ஃபேன் எல்லாம் சேர்த்து 60,000. ரொக்கமாகவே வாங்குங்கள், இ.எம்.ஐ. வேண்டாம்.

பாலிசிக்கு வருவோம். 15 லட்சமாக உயர்த்துவதற்குப் பதில், சூப்பர் டாப்-அப் எடுங்கள், அதாவது வருடச் செலவு இருக்கும் 5 லட்சத்தைத் தாண்டினால் மேற்கொண்டு ஆவதை மட்டும் தரும் தனி பாலிசி. பிரீமியம் நன்றாகக் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. சுகரையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள்; மறைத்தால், வெயிலால் கிட்னி கெட்டால்கூட அதைக் காட்டி க்ளெய்மை மறுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வெயில் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று உண்டு. குஜராத்தின் சேவா அமைப்பு தன் உறுப்பினர்களான பெண் தொழிலாளர்களுக்கு 2023-லேயே தொடங்கியது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் பில் கேட்காமல் பணம் வரும். நல்ல யோசனைதான், ஆனால் அது அமைப்பாகச் சேர்ந்து எடுப்பது. டிகிரியை மட்டும் அளந்தால் சென்னைப் புழுக்கத்துக்குச் சரியாகவும் பொருந்தாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு. அதை நம்பியா திட்டம் போடுவது?

மனைவியின் 18,000-க்கு நீங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிவிடுங்கள். ஜூலை முதல் மார்ச் வரை மாதம் 2,000 ஆர்.டி. கட்டினால், ஏப்ரலில் 18,000 வட்டியோடு வரும். மதிய வேலையை அவர் தயங்காமல் நிறுத்தலாம். சூப்பர் டாப்-அப்புக்கு 20,000 போக மீதி 1,70,000-ஐ எஃப்.டி.யில் போடுங்கள், உடனே எடுக்கும்படி. அதில் 15,000-ஐத் தனியாக சேவிங்ஸ் கணக்கில் விடுங்கள். அடுத்த ட்ரிப்புக்கு அதுதான்.

இன்னொன்று. பிரஷர் மாத்திரைகளில் சில, நீர் பிரியச் செய்பவை. அப்பாவின் மருந்துச் சீட்டோடு மார்ச் மாதமே டாக்டரைப் பாருங்கள். கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்தப் பட்டியலிலேயே குறைந்த செலவு அந்த கன்சல்டேஷன் ஃபீஸ்தான்.